ஃபாதர் ஷெல்டன் தெளித்த தண்ணீர்

கொட்டாஞ்சேனை பிறெடிக்குத் தெரியாத படகு மோட்டார் கிடையாது. சொந்தமாக ஒரு படகு வாங்குவதற்குப் பல வருடம் முந்தியே அவருக்கு எல்லாம் தெரிந்திருந்தது என்பதுதான் இதில் விசேஷம். துறைமுகத்தில் கிளாக்கராக இருந்து ஓய்வு பெற்றவர். தினமும் பின்னேரம் தேத்தண்ணீர் குடித்த கையோடு கைபேசியை வாயருகே பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவார். ‘கொழும்புத் தூண்டில்காரர்’ என்ற வட்ஸ்அப் குழுவுக்கு அன்றைய புத்திமதி புறப்பட்டுவிடும். மோட்டார் ஸ்டார்ட் ஆகவில்லையா, பெற்றோல் டாங்கி மூடியில் காற்றுத் துவாரம் திறந்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள். கடலில் ஓடிவந்த மோட்டாருக்கு நல்ல தண்ணீர் காட்டாமல் படுக்கப் போகாதீர்கள். தூண்டில் முள் விரலில் ஏறினால் வீரம் காட்டி இழுக்காதீர்கள், ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

தெஹிவளையிலும் வெள்ளவத்தையிலும் இருந்து பிறெடி அண்ணருக்குக் கும்பிடு போட்டு பதில்கள் வரும். அண்ணர் அதுவரை மீன்பிடித்ததெல்லாம் வெள்ளவத்தைப் பாறைகளின் மேல் நின்றுதான் என்பது அவர்களில் ஒருவருக்கு மட்டுமே தெரியும். அந்த ஒருவர், பக்கத்துப் பாறையில் நிற்கும் சிநேகிதர் ஸாலிஹ். வெள்ளவத்தையில் துணிக்கடை வைத்திருப்பவர். ஒருமுறை பிறெடி பின்னால் ஓங்கி வீசிய தூண்டில் ஸாலிஹின் தொப்பியைக் கவ்விக்கொண்டு போய்க் கடலில் போட்டது. ஸாலிஹ் நல்ல மனிதர், குழுவில் மூச்சு விடவில்லை.

இப்போது படகு வந்துவிட்டது. நீலநிறக் கண்ணாடியிழைப் படகு, பழையதுதான், ஆனால் மோட்டார் திறம். பிறெடி அதைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடாத குறை. அவர் மனைவி ஐறீன் மட்டும் அதன் பக்கம் திரும்பியும் பார்க்கவில்லை. மகள் ரொஷேல் கலியாணமாகி மெல்பேனுக்குப் போனபிறகு வீட்டில் இருப்பது இரண்டே பேர். அதில் ஒருவர் நாள் முழுக்கக் கைபேசியோடு கதைத்தால் மற்றவர் சுவரோடுதான் கதைக்க வேண்டும். இனிப் படகும் சேர்ந்தால் கதைக்கிற வாய் வீட்டிலேயே இருக்காது. ஐறீனுக்கு அது பயமாகவே இருந்தது, ஆனால் வாய்க்கு வந்தது கோபம்தான்.

“இஞ்ச பாருங்கோ பிறெடி, ஒண்டு மட்டும் சொல்லிப்போட்டன். ஃபாதர் வந்து ஆசீர்வதிக்கட்டும், நானும் ஒரு ஓட்டம் வாறன். அதில சின்னப் பிழை ஒண்டு வந்தாலும் படகு நோபேட்டுக்கு. திங்கக்கிழமை லொறி அனுப்பச் சொல்லியிருக்கிறன்.”

நோபேட் அவளுடைய தம்பி, நீர்கொழும்பில் இருப்பவன். லொறியும் வைத்திருப்பவன். பிறெடி ஒத்துக்கொண்டார். பிழை வருவதற்கு இது என்ன, வேறு யாரோ ஒருவருடைய படகா?

சனிக்கிழமை விடியவே முகத்துவாரத்துக்குப் போய், களனி ஆறு கடலில் விழுவதற்குச் சற்று முந்திய மணற்கரையில் படகைக் கழுவினார். படகின் பின்பக்க அடியில் பெருவிரல் நுழையுமளவு ஒரு துளை உண்டு. கரையில் வைத்துக் கழுவும்போது அழுக்குத் தண்ணீர் வடிவதற்கு அதைத் திறந்துவிட வேண்டும், ஆற்றில் இறக்குமுன் றப்பர் அடைப்பானால் மூட வேண்டும். அடைப்பான் தொலையாமலிருக்க அதை எப்போதும் கால்சட்டைப் பைக்குள் போட்டுக்கொள்ளுங்கள் என்பது குழுவில் அவர் சொல்லி அலுக்காத புத்திமதி. அப்படியே போட்டுக்கொண்டார்.

ஃபாதர் வருவதற்குச் சற்று முன்னால் ஐறீன் த்ரீவீலரில் வந்து இறங்கினாள். கையில் இஸ்திரி போட்ட வெள்ளைக் காற்சட்டை.

“ஃபாதருக்கு முன்னால அரைக்கால்சட்டையோடயா நிக்கப்போறீங்கள்? மாத்துங்கோ!”

பிறெடி த்ரீவீலருக்குப் பின்னால் நின்று மாற்றினார். நனைந்த அரைக்கால்சட்டையை ஐறீன் ஒரு பைக்குள் சுருட்டி, அதே த்ரீவீலரில் வீட்டுக்கு அனுப்பிவைத்தாள். அதோடு எல்லாம் முடிந்தது என்று சொல்லலாம், ஆனால் அது அங்கிருந்த ஒருவருக்கும் தெரியாது.

ஃபாதர் ஷெல்டன் பழைய காலத்து மனிதர். தீர்த்தம் மந்திரிக்கும்போது இன்றைக்கும் மறக்காமல் உப்புப் போடுவார். தெளிப்பதிலும் கஞ்சத்தனம் கிடையாது. அவர் வீடு ஆசீர்வதித்துவிட்டுப் போனால் தரை துடைக்க வேண்டியிருக்கும் என்று கொட்டாஞ்சேனைப் பெண்கள் சொல்லுவார்கள். முன்பாதி மணலிலும் பின்பாதி தண்ணீரிலுமாகக் கிடந்த படகின் மூக்கில் ஐறீன் மெழுகுதிரி கொளுத்தினாள். ஃபாதர் வேப்பங்கொத்தை வாளியில் முக்கி முக்கி, படகுக்கும் மோட்டாருக்கும், பார்க்க வந்து நடுவில் நின்ற ஸாலிஹுக்கும் சேர்த்துத் தாராளமாகத் தெளித்தார். ஸாலிஹ் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டார். செபம் முடிந்ததும் ஐறீன் மெழுகுதிரியை அணைத்துக் கைப்பைக்குள் வைத்தாள். மந்திரித்த திரியை எறிய முடியாதல்லவா?

எல்லோரும் பாதுகாப்பு அங்கி போட்டு ஏறினார்கள். ஒரே இழுப்பில் மோட்டார் பிடித்துக்கொண்டது. பிறெடி ஐறீனைப் பார்த்த பார்வையைப் பார்க்க வேண்டுமே, மோட்டாரை அவரே பெற்று வளர்த்ததுபோல!

ஆற்றின் நடுவில், ஃபாதர் அழகு பார்க்கட்டும் என்று பிறெடி வேகத்தைக் குறைத்தார். அப்போதுதான் ஸாலிஹ் மெல்லக் கால்களைத் தூக்கினார்.

“மச்சான், உள்ளுக்குத் தண்ணி ஈக்கிதே.”

“அது தீர்த்தமடா. ஃபாதர் தெளிச்சது.”

“இவ்வளவா?”

“ஃபாதரை உனக்குத் தெரியாது.”

ஃபாதர் பெருமையாகத் தலையாட்டினார். ஸாலிஹ் குனிந்து விரலை நனைத்து நுனிநாக்கில் வைத்தார். முகத்துவாரத்துத் தண்ணீரில் கடல் எப்போதும் கொஞ்சம் கலந்துதான் இருக்கும்.

“மச்சான், இது உப்பு.”

“உப்புத்தான். ஃபாதர் உப்புப் போட்டுத்தானே மந்திரிக்கிறவர்!”

“ஓம், ஓம், நானே போட்டனான்,” என்றார் ஃபாதர்.

மூன்று பேரும் இப்படி ஒத்துப்போன பிறகு சந்தேகத்துக்கு இடமேது? தண்ணீர் கணுக்காலுக்கு வந்தது. படகில் தண்ணீர் இறைக்க ஒரு வாளி இருந்தது, ஆனால் மந்திரித்த தண்ணீரை இறைத்து ஆற்றில் ஊற்ற பிறெடிக்குக் கை வரவில்லை. ஸாலிஹிடம் நீட்டினார்.

“உங்கட சாமிச் சாமான், நான் எப்பிடி மச்சான் வெளிய ஊத்துற? பாவம் வருமே,” என்று அவர் வாளியைத் திருப்பிக் கொடுத்தார்.

ஃபாதரின் வெள்ளை அங்கி விளிம்பு நனைந்து கறுத்தது. பிறெடி பின்னால் திரும்பினார். மோட்டாருக்குக் கீழே, துளை இருக்கும் இடத்தில், தண்ணீர் சின்ன ஊற்றாகக் கொப்புளித்துக்கொண்டிருந்தது. அவருடைய கை தானாகக் கால்சட்டைப் பைக்குள் போனது. முகம் துடைக்கும் கைலேஞ்சி இருந்தது. செபமாலை இருந்தது. வேறொன்றும் இல்லை. அரைக்கால்சட்டை இந்நேரம் கொட்டாஞ்சேனைக்குப் போய்ச் சேர்ந்திருக்கும். அவர் முகம் செத்துப்போனது.

உடனே மோட்டாரை முறுக்கினார். துளை திறந்திருந்தாலும் படகு வேகமாக ஓடிக்கொண்டிருக்கும்வரை உள்ளே வந்த தண்ணீர் அதே வழியால் வெளியே இழுபட்டுப் போகும். இதுவும் அவர் குழுவுக்குச் சொன்னதுதான். தண்ணீர் வற்றியது. “அற்புதம்!” என்றார் ஃபாதர். பிறெடி ஆற்றில் ஒரு சுற்று வந்தார். இன்னொன்று வந்தார். தண்ணீர் இறங்கியதே தவிர, அவர் நெஞ்சிடி இறங்கவில்லை.

“காணும், கரைக்குப் போவம்,” என்றாள் ஐறீன்.

“இன்னொரு ரவுண்ட் போவமே. காத்து நல்லாயிருக்கு.”

கரைக்குப் போக வேகத்தைக் குறைக்க வேண்டும். குறைத்தால் தண்ணீர் ஏறும், ஏறினால் லொறி வரும். இப்படியே ஞாயிற்றுக்கிழமைப் பூசைவரைக்கும் ஓடிக்கொண்டிருக்க முடியுமா என்றுகூட அந்த மனிதர் யோசித்தார். பெற்றோல் அவ்வளவுக்கு இல்லை. மோட்டார் ஒருதரம் இருமியது. பிறெடிக்கு அழுகை வரும்போலிருந்தது. உண்மையாகவே வரும்போலிருந்தது. அவர் ஆசைப்பட்டுக் கேட்டது வாழ்க்கையில் இந்த ஒன்றைத்தான்.

பூசி மெழுக ஒரு வழி இருக்கத்தான் செய்தது. ‘நீர்தானே காற்சட்டையை மாத்தச் சொன்னீர்’ என்று ஒரு வார்த்தை விட்டால் போதும், பழி பாதிக்குப் பாதியாகிவிடும். அந்த வார்த்தை நாக்கு நுனிவரைக்கும் வந்தது. அவர் ஐறீனைப் பார்த்தார். நீச்சல் தெரியாதவள், இரண்டு கையாலும் பலகையைப் பிடித்துக்கொண்டு, இவரை நம்பி இருந்தாள்.

“ஐறீன்,” என்றார், “அடைப்பான் போட மறந்திட்டன். என்ர பிழைதான். வேற ஒருத்தரும் காரணமில்லை. இது தீர்த்தமில்லை ஃபாதர், ஆத்துத் தண்ணி.”

ஃபாதர் முதன்முறையாகக் கால்களைத் தூக்கினார். ஸாலிஹ் பாவபயம் தெளிந்து வாளியை எடுத்து மளமளவென்று இறைக்கத் தொடங்கினார். ஐறீன் கைப்பையைத் திறந்து மெழுகுதிரியை எடுத்தாள்.

“கைலேஞ்சியத் தாங்கோ. அடைப்பான் இல்லாட்டி மெழுகுதிரியில துணியச் சுத்தி முறுக்கி அடிக்கச் சொல்லி நீங்கள்தானே சொன்னனீங்கள்?”

“உமக்கா? எப்ப?”

“எனக்கு எங்க சொன்னீங்கள்! ஃபோனுக்குச் சொன்னீங்கள். நான் குசினிக்குள்ள சமைச்சுக்கொண்டு நிண்டு கேட்டனான். ஒவ்வொரு பின்னேரமும் எல்லாம் கேக்கிறனான்தான்.”

பிறெடி ஸாலிஹை மோட்டாரைப் பிடிக்கவிட்டு, தண்ணீருக்குள் முழங்காலில் நின்று, துணி சுற்றிய திரியைத் துளைக்குள் முறுக்கி அடித்தார். ஊற்று நின்றது. படகு கரையை அடையும்வரை ஃபாதர் முணுமுணுத்து ஏதோ செபித்துக்கொண்டிருந்தார். கரையில் கால் வைத்ததும் அந்தச் செபம் நின்றுபோனது.

அன்று பின்னேரம் பிறெடி கைபேசியைத் தொடவே இல்லை. முன்னறையில் ஆறிப்போன தேத்தண்ணீருக்கு முன்னால் திருதிருவென்று விழித்துக்கொண்டு இருந்தார். ஐறீன் உடுப்புக் கழுவும் இடத்திலிருந்து வந்தாள். அவள் உள்ளங்கையில் றப்பர் அடைப்பான் இருந்தது. அரைக்கால்சட்டையை வீட்டுக்கு அனுப்பியது யார் என்று அவளுக்கு நினைவு வந்திருந்தது. இவர் அதைப் படகில் சொல்லாமல் விட்டதும் விளங்கியிருந்தது. அவள் தன் கைபேசியை எடுத்து நம்பர் தட்டினாள்.

“நோபேட், அக்கா கதைக்கிறன். ஓம், படகு விசயமாத்தான்.”

பிறெடி கண்ணை மூடிக்கொண்டார்.

“திங்கக்கிழமை லொறி வேண்டாம். நீ வாறதெண்டா சும்மா வா. வரேக்க கடையில ஒரு றப்பர் அடைப்பான் வாங்கிக்கொண்டு வா. ஓம், படகுக்குத்தான். இல்லையடா, அவருக்கில்லை, அவரிட்ட இருக்கு. இது என்ர ஹான்ட்பேக்கில வைக்க.”