கழற்றி வைத்த தடுப்பு

கள்ளக்குறிச்சி அருகே ஒரு கல்லூரியில் ரோபோ சண்டை நடந்தது. எழில்மதியின் ரோபோவில் சுழன்ற இரும்பு பிளேடு எதையும் பெயர்த்தெறியும். ஆனால் விருந்தினர்கள் உட்கார்ந்திருந்த பக்கம் மட்டும் களத்தின் பிளாஸ்டிக் தடுப்பைக் கழற்றியிருந்தார்கள்.

“தடுப்ப மாட்டுங்க சார். துண்டு தெறிச்சா மூஞ்சியில அடிக்கும்” என்று நடுவரிடம் சொன்னாள்.

“தடுப்பு இருந்தா போட்டோவுல பளபளக்குதும்மா. வெளாட்டு சாமானுக்கு இன்னா இவ்ளோ பயம்?”

திரும்பத் திரும்பக் கேட்டும் அவர் அசையவில்லை. “ராப்பகலா ஒழச்சிட்டு இப்ப வுட்டுடுவியா?” என்று கூட்டாளி வீரமணி முறைத்தான். அவள் ரோபோவின் பேட்டரியைக் கழற்றினாள். எதிரணி வென்றதாக அறிவித்தார்கள்.

விருந்தினர்கள் போட்டோ எடுத்துக்கொண்டு கிளம்பியதும், அடுத்த ஆட்டத்துக்குத் தடுப்பை மாட்டினார்கள். எழில்மதி நடுவரிடம் ஓடினாள்.

“அப்ப எங்க ஆட்டத்தயும் வைங்க சார்.”

“சொன்னது சொன்னதுதாம்மா. போய் ஒக்காரு.”

அவள் உட்காரவில்லை. ரோபோவைத் தூக்கிக்கொண்டு பேருந்து நிறுத்தத்துக்கு நடந்தாள்.