லாரி டியூபில் ஒன்பது நாள்

பச்சமுத்து துணித்திரியைச் சாராயத்தில் நனைத்துத் தீக்குச்சியைக் கொளுத்தி வைத்தான். சுடர் எழவில்லை. மறு குச்சியும் அணைந்தது.

“தண்ணி கலந்துட்ட, அம்மாக்கண்ணு.”

“இல்லண்ணே. நீ கட்டுன கட்டு. அரக்குகூட அப்டியே இருக்குது, பாரு.”

“உருக்கி ஒட்ட எம்மா நேரம் ஆவும்?”

லாரி டியூபை வெட்டி, இரு முனையும் கட்டி, அதில் சாராயம் ஊற்றி, செஞ்சியில் உள்ள தன் வீட்டுக்குக் கொண்டுவரச் சொல்லி அவளிடம் கொடுத்தவன் அவன்தான். அன்றைக்கே மதுவிலக்குப் போலீஸ் செஞ்சிக்குள் இறங்கிவிட்டது. கோட்டை மலைப் பாறை இடுக்கில் ஒளித்து வைத்துவிட்டு ஒன்பது நாள் காத்திருந்தாள். சித்திரை வெயிலில் பாறை தொட முடியாதபடி கொதித்தது. இன்று காலையில்தான் எடுத்து இடுப்பில் சுற்றி, மேலே புடவையைக் கட்டிக்கொண்டு இறங்கி வந்தாள். டியூப் சற்றுத் தொய்ந்திருந்தது. ஒரு சொட்டு ஈரம் இல்லை. ஆனால் அந்த இடுக்கு முழுக்கச் சாராய வாடை. பயத்தில் அதை அவள் யோசிக்கவில்லை. இப்போது யோசித்தாள்.

“அண்ணே, வெளிப்பக்கம் மோந்து பாரு. காய்ஞ்சிதான் இருக்குது, ஆனா வாடை வருது. காரம் மட்டும் ரப்பர் வழியா வெளிய போயிருக்குது. தண்ணி உள்ள தங்கிடுச்சி. வேற சரக்கு ஊத்திக் கட்டி உன் வூட்டு வெயில்லயே போடு. நானும் கூடவே குந்திக்கிறேன்.”

“ரப்பர் குடிக்குமா? நீதான் குடிச்சிருப்ப.” அவன் டியூபைச் சுருட்டி மூலையில் எறிந்தான். “உன் புருசனுக்கு ஜாமீன் எடுக்க வேற ஆளைப் பாரு.”

அவனைத் தவிர வேறு ஆள் கிடையாது. அவனுக்காகச் சாராய அடுப்பு மூட்டிப் போலீசில் மாட்டிக்கொண்டவன்தான் அவள் புருஷன் முருகையன். இந்த ஒரு நடை சரக்கைக் கொண்டுவந்து சேர்த்தால் ஜாமீன் எடுப்பதாகத்தான் பேச்சு. பச்சமுத்துவின் காலில் விழுந்து பார்த்தாள். அவன் எழுந்து உள்ளே போய்விட்டான்.

டியூபின் மேல் கட்டியிருந்த அந்தப் புடவையை மாற்றக்கூடத் தோன்றாமல் சப்ஜெயிலுக்கு நடந்தாள். ஜாமீன் இல்லை என்பதை எப்படிச் சொல்வது என்பதே வழியெல்லாம் நினைப்பாக இருந்தது. முருகையன் கம்பிவலைக்கு அருகில் வந்தான். முகம் பாதியாக இளைத்திருந்தது. ஏதோ கேட்க வாயெடுத்தவன் நிறுத்தி, அவளை ஒருமுறை மேலும் கீழும் பார்த்தான்.

“குடிக்க ஆரம்பிச்சிட்டியா?”

“அது டியூப்புய்யா...” என்றாள்.

அவன் ஓரடி பின்னால் நகர்ந்தான். ஸ்டூலில் இருந்த காவலர் மோப்பம் பிடித்தபடி எழுந்து அவள் பக்கம் வந்தார். அவள் விரல்கள் அந்த வலையைப் பிடித்தபடியே இருந்தன.