தொட்டியின் தலையில் ஒரு வால்வு

சலவைக்கூடத்தைத் திறந்ததும் சுடுதண்ணி முதலில் பின்பக்கம் போவாள். டீசல் தொட்டியின் இரும்புக் காலில் ஒரு பாதத்தை ஊன்றி எக்கி, தொட்டியின் தலையில் இருக்கும் பித்தளை வால்வைத் துணியால் துடைப்பாள். துடைக்காவிட்டாலும் அது வேலை செய்யும். அவளுக்கும் தெரியும். இருந்தாலும் துடைப்பாள். இதே வால்வைப் பிடுங்கி எறியச் சொல்லித்தான் ஒரு காலத்தில் கூடமே அதிரக் கத்தியிருந்தாள்.

சுடுதண்ணி என்பது இஸ்திரி மேசைப் பெண்கள் முதலாளியம்மாவுக்கு வைத்த பெயர். முதுகுக்குப் பின்னால் வைத்ததுதான், ஆனால் அவள் காதுக்கு எட்டாத பேச்சு அந்தக் கூடத்தில் கிடையாது. அவள் கண்டுகொள்ளவில்லை. பச்சைத்தண்ணி என்று பெயர் வாங்கிய யாரும் ஆஸ்பத்திரிப் படுக்கை விரிப்புகளை நேரத்துக்கு வெளுத்துக் கொடுத்ததாக அவள் கேள்விப்பட்டதில்லை.

கொதிகலனை அவள் வீட்டுக்காரர் பார்த்துக்கொண்டார். வாயைத் திறந்தால் நீராவி வீணாகிவிடும் என்பதுபோல் இருக்கிற மனிதர். தொட்டி வெளியே, பின்சுவரை ஒட்டி, ஆள் உயரத்துக்குக் கொஞ்சம் குறைவான கால்களின் மேல் நின்றது. அதன் தலையிலிருந்து ஒரு செம்புக் குழாய் கிளம்பி, சுவரைத் துளைத்து உள்ளே இறங்கி, தரையோடு தரையாக ஓடி, கொதிகலனின் அடியில் இருக்கும் பர்னரில் போய்ச் சேரும். பர்னரோடு ஒட்டிய சின்ன பம்ப் டீசலை உறிஞ்சும். பர்னர் எரிந்தால் நீராவி. நீராவி வந்தால் சோறு. அவ்வளவுதான் தொழில்.

வீட்டுக்காரரின் தம்பி ஃபிட்டர். பம்ப் கடை ஒன்றில் வேலை. அண்ணன் விழுங்கிய வார்த்தைகளையெல்லாம் சேர்த்து இவன் பேசுவான். ஒருநாள் வந்தவன் அந்தக் குழாயையே பார்த்துக்கொண்டு நின்றான்.

"அண்ணி, இது கீழ எங்கயாவது உடைஞ்சா என்ன ஆகும்?"

"ஒழுகும்."

"எவ்வளவு?"

"குழாய்ல இருக்கிறது ஒழுகும். தொட்டியில இருக்கிறது எதுக்கு ஒழுகுது? குழாய் தொட்டி தலையிலேர்ந்துதானே கிளம்புது. ஏறி வர்றதுக்கு டீசலுக்குக் கால் முளைச்சிருக்கா?"

ஃபிட்டர் ஒரு வாளித் தண்ணீரைத் தூக்கி இஸ்திரி மேசை மேல் வைத்தான். ரப்பர் குழாயின் ஒரு முனையை வாளிக்குள் விட்டான். மறுமுனையை வாயில் வைத்து ஒரு இழு இழுத்துத் தரையில் போட்டான். தண்ணீர் வாளியின் விளிம்பு வரைக்கும் ஏறி, அந்தப் பக்கம் இறங்கி, தரையில் கொட்டியது. கொட்டிக்கொண்டே இருந்தது. இஸ்திரிப் பெண்கள் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு சிரித்தார்கள். வாளி காலியான பிறகுதான் நின்றது.

"பாத்தீங்களா? ஒரு தடவ இழுத்து விட்டா போதும். கீழ விழறது, மேல இருக்கிறதையும் கையைப் பிடிச்சு இழுத்துக்கிட்டு வந்துடும். பம்ப்பே வேணாம். தொட்டி காலியாகற வரைக்கும் நிக்காது. கொட்டற இடம் எது? எரியற பர்னர் காலடி."

மறுநாள் அவனே ஒரு வால்வைக் கொண்டுவந்து தொட்டியின் தலையில், குழாய் கிளம்பும் இடத்தில் மாட்டினான்.

"உள்ள ஒரு கதவு இருக்கு அண்ணி. ஸ்பிரிங் அதை எப்பவும் அழுத்தி மூடியே வச்சிருக்கும். பம்ப் இழுக்கிற இழுப்புக்குத்தான் திறக்கும். குழாய் உடைஞ்சா பம்ப்புக்கு வெறும் காத்துதான் கிடைக்கும். கீழ தொங்கற டீசலோட கனம் மட்டும் இழுத்தா கதவு அசையாது."

"பேர் என்ன இதுக்கு?"

"ஆன்டி-சைஃபன் வால்வு."

"பேரே வாயில நுழையல. இதுக்குள்ள டீசல் எங்க நுழையும்?"

வாய் முகூர்த்தம், அப்படியே ஆனது. பம்ப் முக்கியது, முனகியது. பர்னர் பற்றும், ரெண்டு நிமிஷத்தில் அணையும். நீராவி சொத்தையானது. விரிப்புகள் ஈரம் காயாமல் ஆஸ்பத்திரிக்குப் போயின. அங்கிருந்த மேற்பார்வையாளர் போனில் கத்தவில்லை, மெதுவாகத்தான் சொன்னார்: "இன்னொரு தடவ ஈரத்துணி வந்தா நாங்க வேற ஆளைப் பாத்துக்கறோம்." கத்தியிருந்தால்கூட அவளுக்குப் பயம் வந்திருக்காது.

ஃபிட்டரைக் கூப்பிட்டாள். "கழட்டு அதை."

"ரெண்டு நாள் டைம் குடுங்க அண்ணி. என்னன்னு பாக்கறேன்."

"பாத்த வரைக்கும் போதும். கழட்டு."

"கழட்ட மாட்டேன்."

இஸ்திரி மேசையில் அத்தனை பேரும் கையை நிறுத்திவிட்டார்கள். அவள் முகத்துக்கு நேராக யாரும் அப்படிச் சொன்னதில்லை.

"அப்போ இனிமே இந்த வாசப்படியை மிதிக்காதே."

அவன் ஸ்பேனரைப் பைக்குள் போட்டுக்கொண்டு போனான். அவள் வீட்டுக்காரர் பக்கம் திரும்பினாள். "உங்களுக்கும் தனியா சொல்லணுமா?"

அடுத்த நாள் மேற்பார்வையாளரைச் சமாதானப்படுத்த ஆஸ்பத்திரிக்குப் போய்த் திரும்பியபோது பர்னர் ஜம்மென்று எரிந்துகொண்டிருந்தது.

"கழட்டியாச்சா?"

"ஆச்சு," என்றார். உள்ளங்கையை விரித்து ஒரு ஸ்பிரிங்கைக் காட்டினார். வால்வின் கூடு தொட்டி மேலேயே கிடந்தது. கிடந்துவிட்டுப் போகட்டும். அவள் அந்த ஸ்பிரிங்கைத் தன் மேசைக்கு மேலே ஓர் ஆணியில் மாட்டிவைத்தாள், ஜெயித்தவள் கோப்பையை மாட்டுவதுபோல. கொழுந்தன் அதன்பிறகு வரவில்லை. யார் வீட்டு விசேஷத்தில் பார்த்தாலும் அவள்தான் முதலில் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

பல மாதம் கழித்து, விபத்து நடந்த நாளில், காலையில்தான் டீசல் வண்டி வந்து தொட்டியைக் கழுத்துவரை நிரப்பிவிட்டுப் போயிருந்தது. ஆஸ்பத்திரித் துணி மலைபோல் குவிந்திருந்தது. தள்ளுவண்டியை யாரும் சீக்கிரம் தள்ளவில்லை என்று சுடுதண்ணி தானே தள்ளினாள். ஈர விரிப்புகளின் கனம் ஒரு கன்றுக்குட்டி கனம். திருப்பத்தில் சக்கரம் வழுக்கியது. வண்டியின் இரும்பு மூலை, சுவரடியில் குழாய் வளையும் இடத்தில் போய் இடித்தது.

வளைவு உடைந்து டீசல் பீறிட்டது.

அவள் கண் முதலில் பர்னரைப் பார்த்தது. எரிந்துகொண்டிருந்தது. அடுத்து கொதிகலனுக்குப் பின்னால் போனது. வீட்டுக்காரர் அங்கே குந்தியிருந்து தண்ணீர் பம்ப்பின் வடிகட்டியைக் கழுவிக்கொண்டிருந்தார். அந்தச் சந்திலிருந்து வெளியே வர ஒரே வழி, பர்னரை உரசிக்கொண்டுதான். கடைசியாக அந்த ஆணி. ஸ்பிரிங் அதில் தொங்கிக்கொண்டிருந்தது.

தொட்டி காலியாகும் வரைக்கும் நிற்காது என்று கொழுந்தன் சொன்னது நினைவுக்கு வந்தது.

"வெளிய வாங்க! என்னங்க! வெளிய வாங்க!"

துவைக்கும் இயந்திரங்களின் இரைச்சலில் அவருக்குக் காதே கேட்கவில்லை. அவள் வண்டியிலிருந்த ஈர விரிப்புகளை அள்ளி, பர்னருக்கு முன்னால் அணைபோல் போட்டாள். யாராவது செருப்புக் காலோடு மிதித்தால்கூட மூன்று நாள் திட்டுகிறவள், வெளுத்த துணியை டீசலில் போட்டு முழங்காலால் அழுத்தினாள். இஸ்திரிப் பெண் ஒருத்தி ஓடிப்போய் மெயின் சுவிட்சை அணைத்தாள். பர்னர் செத்தது. ஆனாலும் கொதிகலனின் வயிறு கணகணவென்றுதான் இருந்தது. மேலே தொட்டி நிறைய டீசல் இருந்தது. இரைச்சல் அடங்கியதில் அவர் நிமிர்ந்து பார்த்தார்.

அப்போதுதான் அவள் கவனித்தாள். பீறிட்டது சின்னதாகியிருந்தது. நூலாகி, சொட்டாகியது. அவள் உடைந்த முனைக்கு அடியில் உள்ளங்கையை நீட்டினாள். இரண்டு சொட்டு விழுந்தது. மூன்றாவதுக்காகக் காத்திருந்தாள். வரவில்லை.

வீட்டுக்காரர் சந்திலிருந்து நெளிந்து வெளியே வந்து, தரையைப் பார்த்தார், குழாயைப் பார்த்தார்.

"வால்வு பிடிச்சிக்கிச்சு," என்றார்.

"எந்த வால்வு? ஸ்பிரிங் அதோ தொங்குதே!"

"அது பழசு."

"பழசுன்னா?"

அவர் ஈரக் கையை வேட்டியில் துடைத்தார். "தம்பி பயந்துபோய்க் கூடுதல் பலமான ஸ்பிரிங்கா வாங்கிட்டான். மாடி மேல இருக்கிற தொட்டிக்குப் போடறது அது. நம்ம பம்ப்புக்கு அதைத் திறக்கிற தெம்பு இல்ல. தொட்டி தலைக்கும் தரைக்கும் எவ்வளவு உயரம்னு அளந்தான், அதுக்கேத்த ஸ்பிரிங்கை மாத்தினான். நீ ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தப்ப. பின்பக்கமா வந்துட்டுப் பின்பக்கமாவே போனான். வாசப்படியை மிதிக்கல."

கல்யாணமான நாளிலிருந்து அவர் ஒரே மூச்சில் இவ்வளவு பேசி அவள் கேட்டதில்லை.

"என்கிட்ட ஏன் சொல்லல?"

"சொன்னா அதையும் கழட்டச் சொல்லுவே."

சொல்லியிருப்பாள். அதில் சந்தேகமில்லை. அவள் கீழே உட்கார்ந்தாள். டீசலில் நனைந்த விரிப்பின் மேலேயே உட்கார்ந்தாள். அவரை ஏற இறங்கப் பார்த்தாள். இரண்டு கை, இரண்டு கால், எல்லாம் இருந்த இடத்தில் இருந்தன. எரிச்சல்படுத்தும் அந்த மௌனமும் இருந்தது. அழுகை வரும்போல இருந்தது, வரவிடவில்லை. இஸ்திரிப் பெண்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

போனை எடுத்தாள். எத்தனையோ மாதங்களுக்குப் பிறகு கொழுந்தனின் எண்ணை அழுத்தினாள்.

"யாரு?" என்றான். தெரிந்துதான் கேட்டான்.

"உங்க அண்ணிதான்டா. குழாய் உடைஞ்சு போச்சு."

"அண்ணன்?"

"நல்லா நிக்கறாரு. டீசல் நின்னுடுச்சு. நீ மாட்டினது நிறுத்திடுச்சு." உடைந்த முனையை இன்னொரு முறை பார்த்துக்கொண்டாள். "வந்து மாத்திக் குடு."

"பின்பக்கமா வரட்டுமா அண்ணி?"

"குத்திக் காட்டறியா? முன்வாசல் வழியா வாடா. வாசப்படியை நல்லா மிதிச்சிட்டே வா."

அவன் வந்தபோது தரை கழுவி, மணல் தூவி, கதவுகளெல்லாம் திறந்துவிடப்பட்டிருந்தன. புது வளைவைப் பொருத்தும் வரை அவள் டார்ச்சைப் பிடித்தபடி பக்கத்திலேயே நின்றாள். குழாய் மேல் கவிழ்க்க ஓர் இரும்புத் தகட்டையும் கேட்டாள். ஸ்பிரிங் எப்படித் திறக்கும், எப்படி மூடும் என்று மறுபடி சொல்லச் சொன்னாள். இந்தத் தடவை வாயைத் திறக்காமல் கேட்டாள்.

"முதல்லயே சரியான ஸ்பிரிங் வாங்கியிருக்கணும் அண்ணி," என்றான் அவன். "அது என் தப்புதான்."

"ஆமா, உன் தப்புதான்," என்றாள். பிறகு, டார்ச் வெளிச்சத்தைக் குழாயிலேயே வைத்துக்கொண்டு சொன்னாள்: "நல்லா இருடா."

பர்னர் பற்றியது. ஆஸ்பத்திரிக்கு அவளே போன் செய்து, நாசமான விரிப்புகளுக்குப் பதில் புதியவை வாங்கித் தருவதாகச் சொன்னாள். ஆணியிலிருந்து ஸ்பிரிங்கை எடுத்துக் கொழுந்தனின் பைக்குள் போட்டாள். இஸ்திரி மேசைப் பக்கம் திரும்பிக் குரலை உயர்த்தினாள்.

"இனிமே அந்த வால்வைப் பத்தி எவளாவது தப்பா ஒரு வார்த்தை பேசினா, அப்புறம் இருக்கு!"

அதைப் பற்றித் தப்பாகப் பேசியவள் அந்தக் கூடத்தில் ஒருத்திதான். யாரும் அதைச் சொல்லவில்லை. எல்லோரும் குனிந்து துணியைத் தேய்த்தார்கள், தோள்கள் மட்டும் குலுங்கின.