வயது ஏறாத வீடு

செல்வாம்பாள் தன் சமாதியைத் தன் கண்ணாலேயே பார்த்துவிட்டாள். அதுவும் பாரிசிலிருந்து அன்று காலையில்தான் வந்து இறங்கிய மகன் ஹரிகிருஷ்ணன் பக்கத்தில் உட்கார்ந்து, மடிக்கணினியை அவள் பக்கம் திருப்பி, "இங்க பாரும்மா, நம்ம வீடு" என்று காட்டிய அடுத்த நிமிடத்தில்.

வீடு என்னவோ அழகாகத்தான் இருந்தது. மஞ்சள் சுவர், ஓட்டுக் கூரை, வாசலில் சிவப்புக் கார். கணினியில் ஆடும் குடும்ப விளையாட்டு அது. ஆட்களை நாமே உருவாக்கி, வீடு கட்டிக் குடிவைத்து, சமைக்க வைத்து, வேலைக்கு அனுப்பி, தூங்க வைக்கலாம். அந்த வீட்டின் பின்பக்கத் தோட்டத்தில், ரோஜாச் செடிகளுக்கு நடுவே, சாம்பல் நிறத்தில் ஒரு கல் நின்றது. ஹரிகிருஷ்ணன் அம்புக்குறியை அதன்மேல் கொண்டுபோனதும் ஒரு பெயர் எழும்பி வந்தது. பிரெஞ்சு எழுத்துதான். ஆனால் செல்வாம்பாளுக்கு அந்த ஒரு பெயரை மட்டும் எங்கே பார்த்தாலும் தெரியும். பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து செத்துப்போன கணவரின் பென்ஷனுக்காக, தான் உயிரோடு இருப்பதாக வருடா வருடம் சான்று வாங்கி அனுப்புகிறவள் அவள்.

"என் பேருதானே அது?"

ஹரிகிருஷ்ணன் அம்புக்குறியைக் கல்லிலிருந்து நகர்த்தினான்.

"கேக்கறேன்ல. என் பேரு எதுக்குடா கல்லுல இருக்குது?"

சமையலறையில் சப்பாத்தி மாவு பிசைந்துகொண்டிருந்த மருமகள் பூர்ணிமாவுக்குக் கை நின்றுபோயிற்று. வந்த அன்றைக்கே இதைத் திறந்து பார்ப்பான் என்று அவள் நினைக்கவில்லை. அந்தக் கல்லை இன்னும் தள்ளி, வேலிக்கு வெளியே வைத்திருக்கலாம். ரோஜாச் செடி வைத்தால் மரியாதையாக இருக்கும் என்று தோன்றியதே, அது தப்போ? கல்லையே அழித்திருக்கலாம். அழிப்பது அதைவிடப் பெரிய பாவம் என்று நினைத்து விட்டுவிட்டாள்.

"பூர்ணி, இங்க வா" என்றான் ஹரிகிருஷ்ணன்.

மாவுக் கையோடு போய் நின்றாள்.

"வயசாகறத யாரு ஆன் பண்ணுனது?"

"நான்தான்."

"நான் ஆஃப் பண்ணி வச்சிட்டுத்தானே போனேன்?"

"ஆமா."

"என்னைக் கொன்னுட்டியாடி?" என்றாள் செல்வாம்பாள். "இன்னும் முழுசா ஊட்டுக்குள்ள வரவே இல்ல, அதுக்குள்ள கல்லு நட்டுட்டா பாருடா. எரிக்கக்கூட இல்ல. கொல்லையிலயே பொதைச்சிட்டா."

"அத்தை, அது நானா செய்யறதில்ல. வயசானா தன்னால…"

"தன்னால எனக்கு வயசாயிடுமா? நீ ஆன் பண்ணித்தானே ஆச்சு?"

உண்மையில் அப்படித்தான்.

முழுசாக வீட்டுக்குள் வரவில்லை என்று செல்வாம்பாள் சொன்னதும் உண்மைதான். ஹரிகிருஷ்ணன் அப்பா வழியில் பிரெஞ்சுப் பிரஜை. இந்த மாதிரி குடும்பங்களில் முதலில் பதிவுக் கல்யாணம் நடக்கும், சிவில் என்பார்கள். பிறகு பெண்ணுக்கு அந்த ஊருக்குப் போகும் தாள்கள் வர வேண்டும். செல்வாம்பாள் வாயில் அது 'பாப்பியே'. பாப்பியே வந்த பிறகு மண்டபம், தாலி, விமானம் எல்லாம் ஒரே வாரத்தில் முடிந்துவிடும். பூர்ணிமாவின் ஊரான அரியாங்குப்பத்திலேயே இரண்டு பெண்கள் அப்படிப் போயிருக்கிறார்கள். பூர்ணிமாவுக்குச் சிவில் ஆனது 2006 ஆகஸ்டில். இது 2009 ஆகஸ்ட்.

தாலி ஏறாத பெண் ராத்திரி தங்கக் கூடாது என்பது செல்வாம்பாளின் கண்டிப்பு. ஆனால் சாயங்காலம் வரலாம். சர்க்கரை நோய்க்கு ஊசி போடலாம், சப்பாத்தி சுடலாம், பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய் வரிசையில் நிற்கலாம். பூர்ணிமா பகலெல்லாம் மருந்து மொத்தக் கடையில் பில் போட்டுவிட்டு, அத்தை வீடு இருக்கும் நெல்லித்தோப்பில் இறங்கி, இந்த வேலைகளை முடித்து, மாலை வகுப்பில் பிரெஞ்சு படித்துவிட்டு, ஆற்றுப் பாலம் தாண்டி அம்மா வீட்டுக்குத் திரும்புவாள். பிரெஞ்சு படிக்கச் சொன்னது ஹரிகிருஷ்ணன். அதைப் பழகத்தான் இந்த மடிக்கணினியையும் போன வருடம் விட்டுப் போனான். விளையாட்டு முழுக்கப் பிரெஞ்சில் இருந்தது.

போகும்போது அவனே மூன்று பேரை உருவாக்கி வைத்திருந்தான். அவன், பூர்ணிமா, அம்மா. "நாம அங்க இப்பிடித்தான் இருக்கப் போறோம்" என்று சொன்னபோது அவள் திரையில் அந்த மூவரையும் விரலால் தொட்டுப் பார்த்தாள்.

ஆறேழு மாதம் அவள் அந்த வீட்டை ஒழுங்காக நடத்தினாள். அவளுக்கு எதையும் ஒழுங்காகத்தான் செய்ய வரும். மூன்று பேருக்கும் வேளாவேளைக்குச் சாப்பாடு, குளியல், தூக்கம். மூன்று பேரும் அப்படியே இருந்தார்கள். எத்தனை முறை பொழுது விடிந்தாலும் அந்தப் பூர்ணிமாவுக்கு ஒரு முடி நரைக்கவில்லை. மாசியில் நிஜப் பூர்ணிமாவுக்கு இருபத்தேழு முடிந்தது. அன்றைக்குக் கடையில் ஒரு வாடிக்கையாளர் அவளை "அக்கா" என்றார். அவருக்கே நாற்பது இருக்கும். சாயங்காலம் இங்கே வந்து கணினியைத் திறந்தால், உள்ளே அவள் சிவில் அன்று உடுத்திய நீலப் புடவையைப் போன்ற உடுப்போடு கண்ணாடி முன் நின்று தன்னையே பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். பூர்ணிமாவுக்கு அவளை அறைய வேண்டும் போல் இருந்தது.

அமைப்புகளுக்குள் போனாள். வயது ஏறுதல் என்று ஒரு கட்டம். அதில் குறி இல்லை. அதற்குக் கீழே ஆயுள்: குறுகியது, சாதாரணம், நீண்டது, மிக நீண்டது. உடனே எதையும் அழுத்தவில்லை. பல நாள் யோசித்தாள். குறுகியது வைத்தால் எல்லாரும் ஒரு வாரத்தில் போய்விடுவார்கள். அது கோபத்தில் செய்வது. மிக நீண்டது வைத்தால் இப்போது இருப்பதற்கும் அதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை. அது பயத்தில் செய்வது. நீண்டது வைக்கலாமா என்று இரண்டு நாள் தடுமாறினாள். கடைசியில், எல்லாருக்கும் எப்படியோ அப்படி என்று சாதாரணத்தை வைத்தாள். வைத்த பிறகும் ஹரிகிருஷ்ணனைக் கேட்காமல் செய்துவிட்டோமே என்று மனசு உறுத்திற்று.

வைத்ததும் அந்த வீட்டில் உயிர் வந்தது. குழந்தை பிறந்தது. வசந்தா என்று பெயர் வைத்தாள். பழைய காலத்துப் பெயர்தான், ஆனால் அவளுக்குப் பிடித்தது. வசந்தா தவழ்ந்தாள், நடந்தாள், பள்ளிக்கூடப் பஸ்ஸில் ஏறினாள். ஒருநாள் அந்தச் செல்வாம்பாள் அடுப்படியில் நின்றபடியே விழுந்தாள். கறுப்புத் துணி போர்த்திய எமன் போன்ற ஒருவன் வந்து நின்று, அவள் இருந்த இடத்தில் ஒரு கல்லை விட்டுப்போனான். பூர்ணிமா பதறிப்போய்ப் பக்கத்து அறைக்கு ஓடி, நிஜ அத்தை மூச்சு விடுகிறாளா என்று பார்த்துவிட்டு வந்தாள்.

இதையெல்லாம் இப்போது யாரிடம் சொல்வது?

"சரி விடும்மா" என்றான் ஹரிகிருஷ்ணன். "நான் போன வருஷம் இருந்தபடியே ஒரு காப்பி எடுத்து வச்சிருக்கேன். அத போட்டா நீ எழுந்து வந்துடுவே."

"போடு முதல்ல."

அவன் எதையோ அழுத்தினான். திரை இருண்டு, மறுபடி வெளிச்சமானது. அதே மஞ்சள் வீடு. தோட்டத்தில் கல் இல்லை, ரோஜா இல்லை. சமையலறையில் செல்வாம்பாள் திடமாக நின்று எதையோ கிண்டிக்கொண்டிருந்தாள்.

"தோ பாரு, நீதான்."

"ஆங். இப்ப நல்லாருக்குது" என்றாள் செல்வாம்பாள். "என்னா கிண்டறேன்?"

"சூப்பு."

"உப்பு பாத்துப் போடச் சொல்லு." அம்மாவும் மகனும் சிரித்தார்கள். "பூர்ணிமா, ஊசிக்கு நேரமாச்சு பாரு."

பூர்ணிமா திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மாடியில் வசந்தாவின் அறை இருந்த இடத்தில் வெறும் மொட்டை மாடி. கண்ணாடி முன்னால் நீலப் புடவைக்காரி சிரித்துக்கொண்டு நின்றாள்.

"புள்ள எங்க?" என்றாள்.

"எந்தப் புள்ள?"

"அதுல ஒரு பொண்ணு இருந்தாளே. மூணாவது படிக்கிறா."

"அது நீ அப்பறமா ஆடுனதுல வந்தது. இதுல இருக்காது." அவன் சிரிப்பு இன்னும் அடங்கவில்லை. "கேம்தானே பூர்ணி. வேணும்னா இன்னொன்னு பெத்துக்க."

அவளுக்குள் ஏதோ ஒன்று சட்டென்று தெளிந்தது. இவ்வளவு நேரமும் தன் தப்பு எங்கே என்று தேடிக்கொண்டிருந்தவள், தேடுவதை விட்டாள்.

"என் பாப்பியே எங்க?"

"என்னா திடீர்னு?"

"திடீர்னு இல்ல. மூணு வருஷமா கேக்கறேன். வீட்டுக்கான தாளும் சம்பளத் தாளும் நீங்கதான் அங்க குடுக்கணும். குடுத்தீங்களா?"

"அது அவ்ளோ சுலபம் இல்ல பூர்ணி. நான் ரெண்டு பேரோட ரூம்ல இருக்கேன். தனியா வீடு பாக்கணும். அங்க வாடகை உனக்குத் தெரியாது."

"அப்ப குடுக்கல."

"குடுக்கறேன். அடுத்த ஆகஸ்ட்…"

"போன ஆகஸ்ட்லயும் அதத்தான் சொன்னீங்க."

"வந்த புள்ள குளிச்சு இன்னும் தலை காயல" என்று செல்வாம்பாள் குறுக்கே வந்தாள். "இப்பவே ஆரம்பிக்கணுமா? உனக்கு என்னா கொறை இங்க? நான் ஏதாவது சொன்னனா?"

"நீங்க எதுவும் சொல்லல அத்தை. அதான் கொறை. உங்க மவன்கிட்ட ஒரு தடவ கேட்டீங்களா, ஏன்டா இவள கூட்டிட்டுப் போகலன்னு? கேட்டா நான் போயிடுவேன். அப்பறம் ஊசி யாரு போடறது?"

செல்வாம்பாள் மகனைப் பார்த்தாள்.

"அம்மாகிட்ட இப்பிடித்தான் பேசுவியா?" என்று ஹரிகிருஷ்ணன் எழுந்தான்.

"உங்ககிட்டயும் இப்பிடித்தான் பேசப் போறேன், உக்காருங்க." அவள் குரல் உயரவில்லை. கையில் ஒட்டியிருந்த மாவு காய்ந்து உதிர்ந்தது. "எதுக்கு வயசாகறத ஆஃப் பண்ணி வச்சீங்க?"

"அது… ஆஃப்ல வச்சா அவசரம் இல்லாம ஆடலாம். எத்தனை வருஷம் வேணாலும் ஆடலாம்."

"ஆமா. அம்மா சாகக் கூடாது. நான் கெழவி ஆகக் கூடாது. எல்லாரும் போட்டது போட்டபடி இருக்கணும். நீங்க மட்டும் வருஷத்துக்கு ஒரு மாசம் வந்து தொறந்து பாத்துட்டு மூடி வச்சிட்டுப் போவீங்க."

"ஒரு கேம வச்சிக்கிட்டு என்னென்னமோ பேசறே."

"கேம விட்டுட்டே பேசறேன். நீங்க ஃபிளைட் ஏறதுக்கு முன்னாடி தாலி. எந்த மண்டபமா இருந்தாலும் சரி, கோயிலா இருந்தாலும் சரி. போனதும் பாப்பியே. எந்தத் தேதின்னு இப்ப சொல்லுங்க."

"மெரட்டறியா?"

"தேதி கேக்கறேன்."

அவன் அம்மாவைப் பார்த்தான். அம்மா மடிக்கணினியைப் பார்த்தாள். தெருவில் ஒரு பழவண்டிக்காரன் கூவிக்கொண்டே போனான்.

"இந்த தடவ லீவு கம்மி பூர்ணி" என்றான். "அடுத்த ஆகஸ்ட் கண்டிப்பா. அம்மா மேல சத்தியமா."

"என் மேல எதுக்குடா சத்தியம் பண்றே?" என்றாள் செல்வாம்பாள்.

பூர்ணிமாவுக்குச் சிரிப்புக்கூட வந்தது. "அப்ப சரி. நாளைக்கு லீவு போட்டுட்டு வக்கீலைப் பாக்கறேன். சிவிலை ரத்து பண்ண என்னா செய்யணும்னு கேட்டு வச்சிருக்கேன்."

கேட்டு வைத்திருக்கவில்லை. அது பொய். ஆனால் சொல்லி முடித்தபோது, நாளைக்குக் கேட்கப் போவது உறுதியாகத் தெரிந்தது.

"உங்கப்பா ஒத்துக்குவாரா?" என்றான் ஹரிகிருஷ்ணன்.

"அவரும் மூணு வருஷமா பொறுத்துக்கன்னுதான் சொல்றாரு. அவர்கிட்டயும் சண்டை இருக்குது. அது எங்க வீட்டுல வச்சிக்கறேன்."

ஹரிகிருஷ்ணன் மடிக்கணினியைத் தன் பக்கம் இழுத்தான். அமைப்புகள் பக்கத்தைத் திறந்தான். இவ்வளவு நடந்த பிறகும் அதில்தான் சமாதானம் இருப்பதுபோல, "இங்க பாரு, உனக்காக ஆன் பண்ணிடறேன். நீண்டதா வச்சிக்கலாம். சரியா?" என்றான்.

"வேணாம். ஆஃப்லயே விடுங்க. அந்தப் பூர்ணிமாவ நீங்களே வச்சிக்குங்க. அவளுக்கு வயசாகாது. கேள்வியும் கேக்க மாட்டா."

உள்ளே போய்க் கையை நன்றாகக் கழுவித் துடைத்தாள். குளிர்சாதனப் பெட்டியிலிருந்து மருந்துப் புட்டியை எடுத்தாள். ஊசியும் பஞ்சும் எடுத்தாள். மூன்றையும் ஒரு தட்டில் வைத்துக் கொண்டுவந்து ஹரிகிருஷ்ணன் மடியில் வைத்தாள்.

"என்னா இது?"

"உங்க அம்மாவுக்கு. இன்னையிலேர்ந்து நீங்க போடுங்க. அளவு புட்டி மேல ஒட்டியிருக்குது. காத்து இல்லாம இழுக்கணும்."

"எனக்கு இதெல்லாம் தெரியாது பூர்ணி."

"எனக்கும் தெரியாது. கத்துக்கிட்டேன். மாவு பிசைஞ்சு இருக்குது, ஊசி போட்ட அரை மணியில சப்பாத்தி குடுத்துடுங்க. லேட்டாச்சுன்னா அவங்களுக்கு மயக்கம் வரும்."

அவன் ஊசியைப் பாம்பைப் பிடிப்பதுபோல் பிடித்தான். செல்வாம்பாள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். திட்டப்போகிறாள் என்று பூர்ணிமா காத்திருந்தாள். திட்டவில்லை. வயிற்றின்மேல் புடவையை விலக்கிக்கொண்டு மகனிடம் சொன்னாள்:

"குத்துடா. அவ குத்தறப்ப எறும்பு கடிச்ச மாதிரிகூட இருக்காது. நீ எப்பிடின்னு பாப்போம்."

பூர்ணிமா பையை மாட்டிக்கொண்டாள். பைக்குள் பிரெஞ்சுப் புத்தகம் கனத்தது. செருப்பைப் போடும்போது, தான் செய்வது சரிதானா என்று பழைய கேள்வி ஒன்று தலையை நீட்டிற்று. போட்டுக்கொண்டு நடந்தாள்.

தெருமுனை வருவதற்குள் பின்னாலிருந்து செல்வாம்பாளின் குரல் கேட்டது. "டேய், அங்க இல்லடா. தொப்புள்கிட்ட குத்தாதடா. பாவி, கண்ண மூடிக்கிட்டா குத்துவே?"

அவள் கால் ஒரு கணம் நின்றது. பிறகு நடந்தது.

பிரெஞ்சு வகுப்புக்குப் போகும் பஸ் முதலில் வந்தது. அதை விட்டுவிட்டு, அடுத்து வந்த அரியாங்குப்பம் பஸ்ஸில் ஏறினாள்.