அண்ணியின் பூனை

சனிக்கிழமை மதியத்துக்குள் சரி செய்யாவிட்டால் என்னைக் கணினி அறையிலிருந்து பசைப் பிரிவுக்கு அனுப்பிவிடுவதாக அண்ணி சொன்னபோது எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. எங்கள் லேபிள் அச்சகத்துக்கு லினக்ஸ் இயங்குதளத்தைக் கொண்டுவந்தவனே நான்தான். பசைப் பிரிவில் ஒரு வாரம் நின்றால் சாப்பிடும் சோற்றிலும் அந்த வாடைதான் அடிக்கும்.

விஷயம் இதுதான். அண்ணி கன்ட்ரோல், ஆல்ட், டி மூன்றையும் சேர்த்து அமுக்குவார். டெர்மினல் என்கிற கறுப்பு ஜன்னல் திறக்கும். அதில் வாடிக்கையாளரின் பெயரை அடித்து ஒரு வரிக் கட்டளை கொடுத்தால் லேபிள் அச்சாகும். பழைய டெர்மினலில் தமிழ் எழுத்து கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம் என்று சிதறித் தெரியும். அடித்தது சரியா தப்பா என்று பார்க்கவே முடியாது. அதனால் நான் புதிய டெர்மினல் ஒன்றைப் போட்டு, அந்த மூன்று விசைகளையும் அதற்கே கொடுத்து வைத்தேன். நான் அமுக்கினால் புதியது வந்தது. அண்ணி அமுக்கினால் பழையதே வந்து நின்றது.

"உங்க விரல்லதான் ஏதோ இருக்கு அண்ணி. கொஞ்சம் மெதுவா அமுக்குங்க."

"இதே விரலை நீட்டித்தான் பன்னெண்டு வருஷமா இங்க எல்லாரையும் வேலை வாங்குறேன். ஒருத்தரும் கேக்காம போனதில்ல கொழுந்தனாரே."

கீபோர்டை மாற்றினேன். புதிய டெர்மினலை அழித்துவிட்டு மறுபடி போட்டேன். ஒவ்வொரு முறையும் அண்ணியின் இருக்கையில் உட்கார்ந்து அமுக்கிக் காட்டி, "பாருங்க, வருதா இல்லையா?" என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு திரும்புவேன். என் நாற்காலியில் உட்காருவதற்குள் "கொழுந்தனாரே!" என்று குரல் வரும். மூன்று நாள் இதே கூத்து.

சனிக்கிழமை காலை பதினொரு மணிக்கு அண்ணன் பசைப் பிரிவில் போடுகிற ஒரு ஜோடி ரப்பர் கையுறையைக் கொண்டுவந்து என் மேசையில் வைத்தான்.

"அளவு சரியா இருக்கான்னு போட்டுப் பாரு" என்றான். உடன்பிறந்தவன் பேசுகிற பேச்சா இது!

பல்லைக் கடித்துக்கொண்டு அண்ணியிடம் போனேன். அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஒண்ணு கேட்டா கோவிச்சுக்க மாட்டீங்களே?" என்றார் அண்ணி.

"கேளுங்க."

"நீங்க இங்க உக்காந்தா திரையில மலை தெரியுது. நீங்க போனதும் நான் என் பாஸ்வேர்டு போட்டா என் பூனை வருது. நீங்க செஞ்சதெல்லாம் மலைக்குத்தானே? என் பூனைக்கு என்ன செஞ்சீங்க?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. மலை என் லாகினில் இருக்கும் படம், பூனை அவருடையது. எந்த விசைக்கு எது திறக்கும் என்ற அமைப்பும் அப்படித்தான், ஆளுக்கு ஆள் தனி. மூன்று நாளாக அவரை வெளியேற்றிவிட்டு என் பெயரில் நுழைந்து, என் அறையையே திரும்பத் திரும்பப் பெருக்கியிருக்கிறேன். வேறு எப்படிச் செய்வது? அண்ணியிடம் போய் பாஸ்வேர்டைக் கேட்பதா? அவர் அலமாரிச் சாவியை அண்ணன்கூட இதுவரை கேட்டதில்லை!

"அங்கதான் வரேன் அண்ணி" என்று சமாளித்தேன்.

"சுவரைப் பாத்துத் திரும்பி நில்லுங்க."

நின்றேன். விசைகள் தட்டும் சத்தம் கேட்டது. திரும்பிப் பார்த்தால் பூனை. இரண்டே நிமிடத்தில் வேலை முடிந்தது. அண்ணி மூன்று விசைகளையும் அமுக்கினார். புதிய டெர்மினல் திறந்தது. கொம்பும் காலும் அதனதன் இடத்தில் நின்றன. லேபிள் வெளியே வந்தபோது எனக்கு அழுகையே வந்துவிட்டது. சிரித்து மறைத்தேன்.

"மணி பதினொண்ணரைதான் ஆகுது. அப்ப நான் என் நாற்காலிக்குப் போறேன்."

"எதுக்கு?"

"மதியத்துக்குள்ள சரி பண்ணிட்டேனே அண்ணி!"

"கண்டுபிடிச்சது யாரு? நீங்க எங்கெங்க தட்டினீங்கன்னும் பாத்துக்கிட்டேன். இனிமே நானே செஞ்சுக்குவேன்."

கையுறை அளவு சரியாகத்தான் இருந்தது.