மார்லாவின் கழிப்பறை மலை ஏறுகிறது

பதினோரு கோடைகள் மார்லா தன் அண்ணன் ரோலியின் டிரெய்லரில்தான் ஏரிக்குப் போய்வந்தாள். வண்டிக்குப் பின்னால் மாட்டி இழுக்கும் சக்கர வீடு, முப்பத்தைந்து அடி நீளம். தோல் சோபா, இரண்டு டிவி, குளிர்சாதனம் எல்லாம் உண்டு. கழிப்பறையும் உண்டு. அதன் கதவில் ரோலி தன் கைப்பட எழுதி ஒட்டிய சட்டமும் உண்டு: 'ஒண்ணுக்கு மட்டும்.'

இரண்டாவது காரியம் வந்தால், டார்ச்சும் காகிதச் சுருளும் கையுமாக, முகாமின் மறுகோடியில் இருக்கும் பொதுக் கழிப்பறைக்கு நடக்க வேண்டும். வழிநெடுக மடக்கு நாற்காலி போட்டு பீர் குடித்துக்கொண்டிருப்பவர்கள் சுருளைப் பார்த்துவிட்டு, "வெற்றியோட திரும்பி வாங்க!" என்று வாழ்த்தி அனுப்புவார்கள். கழிவுத் தொட்டியைக் குழாய் மாட்டிக் காலி செய்கிறவன் நான்தானே என்பது ரோலியின் கட்சி. அதில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனால் ஐம்பத்து மூன்று வயதில், வயிறு கலங்கும்போதெல்லாம் ஊருக்கே அறிவித்துவிட்டுப் போவதென்றால் யாருக்குத்தான் பொறுக்கும்?

இந்த வசந்தத்தில் மார்லா யாரையும் கேட்காமல் இருபத்தொரு அடியில் ஒரு டிரெய்லர் வாங்கிவிட்டாள். கடையில் அவள் சோபாவைப் பார்க்கவில்லை, அடுப்பைப் பார்க்கவில்லை. நேரே போய்க் கழிப்பறையில் உட்கார்ந்து, கதவைச் சாத்தி, முழங்கால் இடிக்கிறதா என்று மட்டும் பார்த்தாள். இடிக்கவில்லை. கையெழுத்துப் போட்டாள்.

அவள் கணவன் கோர்டிக்குத்தான் பயம் பிடித்தது. அவர்களிடம் இருந்தது நடுத்தர பிக்கப். ரோலியின் பிக்கப்பான டீசல் ராட்சசனுக்குப் பக்கத்தில் நிறுத்தினால் அது பெற்ற குட்டி மாதிரி இருக்கும். கோர்டி நல்லவன், யாரிடமும் ஒரு சுடுசொல் பேசத் தெரியாதவன். ரோலியிடம் என்றால் எந்தச் சொல்லும் பேசத் தெரியாதவன்.

"ஒரு தடவ ஏரி வரைக்கும் இழுத்துப் பாப்போம், மார்லா. மலை ஏறிடுச்சுன்னா வெச்சுக்கலாம். இல்லேன்னா முப்பது நாளுக்குள்ள கடைக்காரன்கிட்டயே குடுத்துட்டு, பழையபடி ரோலியோடயே போயிடலாம்" என்றான்.

"சரி. ஏறிடுச்சுன்னா அதுக்கப்புறம் ஒரு பேச்சு பேசக் கூடாது."

"பேச மாட்டேன்."

கிளம்புவதற்கு முந்தின நாள் ரோலியின் ராட்சசன் படுத்துக்கொண்டது. புகைக்குழாயில் கட்டைவிரல் அளவு உணர்கருவி ஒன்று செத்துப்போக, எட்டு லட்சம் மைல் ஓடுவேன் என்று பீற்றிக்கொண்ட வண்டி சைக்கிள் வேகத்துக்கு மேல் போக மறுத்தது. பட்டறையில் இரண்டு வாரம் என்று சொல்லிவிட்டார்கள். மறுநாள் விடிந்ததும் ரோலி மார்லாவின் வாசலில் நின்றான். கூடவே அவனுடைய இறைச்சி சுடும் அடுப்பு, இரண்டு வார்ப்பிரும்புச் சட்டிகள், ஒரு கருவிப் பெட்டி.

"நான் கூட வராம நீங்க ரெண்டு பேரும் உயிரோட போய்ச் சேருவீங்களா?" என்று கேட்டுக்கொண்டே பின்னிருக்கையில் ஏறினான். பிக்கப் ஒரு பெருமூச்சு விட்டுத் தாழ்ந்தது. வேண்டாம் என்று சொல்ல வேண்டியவன் கோர்டி. அவன் சட்டிகளைத் தூக்கி வைக்கப் போனான்.

மார்லாதான் ஓட்டினாள். நெப்ராஸ்கா முழுக்க ரோலியின் வாய் ஓயவில்லை.

"இது பிக்கப் இல்ல மாப்ள, பூந்தொட்டி. இதோட முன்பக்கக் கிரில்லப் பாத்தியா? பல் முளைக்காத குழந்தை மாதிரி."

கோர்டி சிரித்தான். "ஆமா மச்சான்."

"ஆறாயிரத்தி ஐநூறு பவுண்டு இழுக்குமாம், விளம்பரத்துல போட்டிருக்கான். என் வண்டி இருபதாயிரம் இழுக்கும். தூக்கத்துல இழுக்கும்."

"பட்டறையில தூங்கிட்டுத்தான் இருக்கு" என்றாள் மார்லா.

வயோமிங் எல்லையைத் தாண்டியதும் பக்கவாட்டுக் காற்று ஆரம்பித்தது. அந்த ஊர்க் காற்றுக்கு மரியாதை தெரியாது. காலையிலிருந்தே பிக்கப்பின் மூக்கு ஆகாயத்தைப் பார்த்தபடி இருந்தது, பின்புறம் தரையைத் தேய்க்காத குறை. ஸ்டியரிங் கையில் பஞ்சு மாதிரி லேசாக இருப்பது மார்லாவுக்குப் பிடிக்கவில்லை. ஒரு பெரிய லாரி உரசினாற்போலக் கடந்து போனது. டிரெய்லர் முதலில் இடதுபக்கம் ஆடியது, பிறகு வலதுபக்கம். அடுத்த ஆட்டத்தில் பிக்கப்பையும் சேர்த்து ஆட்டியது.

"மிதி! மிதி! வேகமாப் போனா நேராயிடும்!" என்று பின்னாலிருந்து ரோலி கத்தினான்.

கோர்டி கதவுக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடிவிட்டான். மார்லா ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தாள். டாஷ்போர்டின் கீழே இருந்த டிரெய்லர் பிரேக்கின் நெம்புகோலைக் கையால் மெல்ல அழுத்தினாள். பின்னால் இருப்பதை மட்டும் பிடித்து நிறுத்தும் பிரேக் அது. டிரெய்லர் இன்னும் இரண்டு முறை முரண்டு பிடித்துவிட்டு நேரானது. பயந்துதான் போனாள்.

மலையடிவாரத்தில் லாரிகள் நிற்கும் பெட்ரோல் நிலையம் ஒன்று இருந்தது. அங்கே வண்டியை ஒதுக்கினாள்.

ரோலி இறங்கி இடுப்பில் கை வைத்துக்கொண்டான். "நான் அப்பவே சொன்னேன். இந்தப் பொம்மை வண்டி சமவெளியிலேயே கூத்தாடுது, மலையில என்ன பண்ணும்? திருப்பு வண்டிய. அடுத்த மாசம் என் டிரெய்லர்ல போலாம். எடம் இருக்கு. சாப்பாட்டு மேசைய மடிச்சுப் போட்டா நீங்க ரெண்டு பேரும் படுக்கலாம்."

"அவன் சொல்றதும்..." என்று கோர்டி ஆரம்பித்தான்.

மார்லாவின் கண் வேறெங்கோ இருந்தது. நிலையத்தின் பின்பக்கம் ஓர் எடை மேடை. அதைப் பார்த்ததும் அவள் பயம் விட்டுப்போயிற்று. இருபத்திரண்டு வருடமாக அவள் பிழைப்பே அதுதான். சோளக் கிடங்கின் ஜன்னலில் உட்கார்ந்து, வருகிற லாரியை நிறையாக ஒரு முறை, காலியாக ஒரு முறை எடை போட்டு, கழித்துச் சீட்டுக் கிழித்துக் கொடுப்பாள். எத்தனையோ குடியானவர்கள் அவளிடம் வாய் கிழியப் பேசியிருக்கிறார்கள். மேடை ஒருவனுக்கும் மசிந்ததில்லை.

"எடை போட்டுப் பாப்போம். மேடை சொல்றதுதான் தீர்ப்பு. கோர்டி, ஒத்துக்கறியா?"

"ஒத்துக்கறேன்."

"மேடையா? நான் கண்ணாலயே எடை சொல்லுவேன்" என்றான் ரோலி. ஆனாலும் ஏறி உட்கார்ந்தான்.

மேடையில் ஏறி நின்றார்கள். ஒவ்வோர் அச்சுக்கும் தனித்தனி எடை போட்ட சீட்டு வந்தது. மார்லா ஓட்டுநர் கதவைத் திறந்து, அதன் தூணில் ஒட்டியிருந்த, அச்சு தாங்கும் எடை எழுதிய மஞ்சள் கட்டத்தோடு சீட்டை ஒப்பிட்டாள். விளம்பரத்தை ஊரே படிக்கும், அந்தக் கட்டத்தை ஒருவரும் படிப்பதில்லை.

"டிரெய்லர் நாலாயிரத்தி எண்ணூறு. ஆறாயிரத்தி ஐநூறு இழுக்கற வண்டிக்கு அது ஒண்ணுமே இல்ல" என்றாள். "பிக்கப்போட பின் அச்சுதான் பிரச்சினை. மூவாயிரத்தி நூத்தி அம்பதுதான் தாங்கும். இப்ப அது மேல மூவாயிரத்தி நானூத்தி எம்பது உக்காந்திருக்கு."

"பாத்தியா!" ரோலி தொடையில் தட்டினான். "பாத்திரம் பண்டம் தலகாணின்னு டிரெய்லர்ல வீட்டையே ஏத்திட்டு வந்திருக்கா!"

"டிரெய்லர்ல தண்ணிகூட ரொப்பல. உன் அடுப்பையும் சட்டியையும் பெட்டியையும் எறக்கு."

முணுமுணுத்துக்கொண்டே இறக்கினான். மறுபடி மேடை, மறுபடி சீட்டு. நூற்றெண்பது குறைந்திருந்தது. இன்னும் நூற்றைம்பது அதிகம்.

அதற்குள் நான்கைந்து லாரி ஓட்டுநர்கள் காபிக் கோப்பையோடு வந்து நின்று வேடிக்கை பார்க்க ஆரம்பித்திருந்தார்கள். மார்லா பின்கதவைத் திறந்தாள்.

"அண்ணே, எறங்கு."

"எதுக்கு?"

"சும்மா எறங்கு."

இறங்கினான். பிக்கப் அப்பாடா என்று எழுந்து நின்றது. கூட்டத்தில் ஒருவர் சிரிப்பை அடக்க முடியாமல் காபியைச் சிந்தினார். மூன்றாவது சீட்டை மார்லா உரக்கவே வாசித்தாள். பின் அச்சு மூவாயிரத்து எண்பது. எழுபது பவுண்டு மிச்சம். மொத்த எடையில் சரியாக இருநூற்றெண்பது குறைந்திருந்தது. ரோலியின் ஓட்டுநர் உரிமத்தில் அவன் எடை இருநூற்றுப் பத்து என்றுதான் பதினேழு வருடமாக அச்சாகிக்கொண்டிருக்கிறது.

"மேடை ரிப்பேரு" என்றான் ரோலி. முகம் பீட்ரூட்டாகிவிட்டது.

"இருபத்திரண்டு வருஷமா எல்லா ஆம்பளையும் இதத்தான் சொல்றான்" என்றாள் மார்லா. "வண்டி நல்ல வண்டி, டிரெய்லர் நல்ல டிரெய்லர். அதிகமா இருக்கறது நீ ஒருத்தன்தான். கோர்டி, வண்டில ஏறு, போலாம்."

கோர்டி ஏறவில்லை. ரோலியைப் பார்த்தான், அவன் காலடியில் கிடந்த சட்டிகளைப் பார்த்தான், காது சிவந்தான்.

"அவன எப்படி நடுரோட்டுல விட்டுட்டுப் போறது, மார்லா? மனசு கஷ்டப்படுமில்ல? பேசாம திரும்பிடலாமே."

"மேடை சொல்றதுதான் தீர்ப்புன்னு ஒத்துக்கிட்டே."

"ஒத்துக்கிட்டேன்தான்... அப்ப ஒண்ணு பண்றேன். நான் இவனோட இங்கயே இருக்கேன். பக்கத்துல லாட்ஜ் இருக்கு. நீ தனியா மலை ஏத்த முடியாதில்ல, அதனால எல்லாரும் இருந்து காலையில யோசிப்போம்."

மார்லா அவனைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். இருபத்தெட்டு வருடம் குடித்தனம் செய்த மனுஷன். வலித்தது. இல்லையென்று சொல்ல முடியாத வலி. அதே நேரத்தில் அவளுக்குள் இருந்த எடைக்காரி கணக்கை முடித்துவிட்டாள்.

"நீ நூத்தித் தொண்ணூறு. நீயும் இல்லேன்னா இன்னும் சுகமா ஏறும்" என்றாள். அவன் பையை எடுத்து அவன் கையில் கொடுத்தாள். கதவைச் சாத்தினாள்.

"ஏய் மார்லா! ரிவர்ஸ் எடுக்கறப்ப யாருடி கை காட்டுவா?" ரோலி பின்னால் கூவினான்.

அவளுக்குப் பதில் சொல்ல நேரமில்லை. மலை தொடங்கிவிட்டது.

இரண்டாவது கியரில், லாரிகளின் வரிசையோடு வரிசையாக, விளக்கை மினுக்கிக்கொண்டு ஏறினாள். ஸ்டியரிங் இப்போது கைக்கு அடங்கியிருந்தது. மூக்கு நேராக இருந்தது. எஞ்சின் ஓலமிட்டது, உண்மைதான். சூட்டு முள் பாதியைத் தாண்டியபோது மார்லா அதனிடம் கெட்ட வார்த்தையில் பேசினாள், கெஞ்சினாள், மறுபடி திட்டினாள். கணவாயின் உச்சியில் சாலை சமமானதும், ஜன்னலைத் திறந்து, பைன் மரங்களைப் பார்த்து ஊளையிட்டாள். ஒரு மான் பயந்து ஓடியது.

ஏரிக்கரை முகாமில் வெயில் இன்னும் மிச்சமிருந்தது. டிரெய்லர் ஒன்று பின்வாங்கி நுழைகிறது என்றால் அங்கே அதுதான் சாயங்கால நாடகம். புருஷன் திட்ட, பெண்டாட்டி கையை ஆட்டிவிட்டு அழ, மேசைக்காலாவது உடையும் என்ற நம்பிக்கையில் எல்லோரும் நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டார்கள். மார்லா இரண்டு முறை இறங்கிப் பார்த்தாள். மூன்றாம் தடவையில் நேராகக் கொண்டுபோய் நிறுத்திவிட்டாள். யாரும் யாரையும் திட்டவில்லை. கூட்டத்துக்கு ஏமாற்றம்தான். ஒரு கிழவர் மட்டும் தொப்பியைத் தூக்கினார்.

சக்கரத்துக்குக் கட்டை கொடுத்தாள். முகாம் குழாயில் தண்ணீர் ரொப்பினாள். பிறகு உள்ளே போய், கழிப்பறைக் கதவை மூடாமலே, ஒரு மகாராணியைப் போல உட்கார்ந்தாள். சின்ன ஜன்னல் வழியாக ஏரி தெரிந்தது. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. இதற்கெல்லாம் அழுவார்களா என்று தன்னையே கேட்டுச் சிரித்துக்கொண்டாள்.

ஃபோன் அடித்தது. கோர்டி.

"போய்ச் சேந்துட்டியா?"

"சேந்துட்டேன். மலை ஏறிடுச்சு."

"நெஜமாவா!" அவன் குரலில் சந்தோஷம் இருந்தது. பொய்ச் சந்தோஷம் இல்லை. பின்னணியில் ரோலி யாரிடமோ, அந்த மேடை எப்படிப் பழுது என்று விளக்கிக்கொண்டிருப்பது கேட்டது. "மார்லா, நான் உன்னோடவே வந்திருக்கணும்."

"வந்திருக்கணும்தான்."

"காலையில டிரெய்லரக் கழட்டி விட்டுட்டு வெறும் வண்டில வருவேல்ல? கூட்டிட்டுப் போவேல்ல?" என்றான் கோர்டி.

"வருவேன். ஆனா ஒருத்தரத்தான் ஏத்துவேன்."

"வெறும் வண்டிதானே மார்லா, மூணு பேரத் தாராளமாத் தாங்குமே."

"வண்டி தாங்கும்" என்றாள் மார்லா.

மறுமுனையில் நாற்காலி நகரும் சத்தம், ஒரு கதவு திறந்து மூடும் சத்தம். ரோலியின் குரல் தேய்ந்து மறைந்தது. வெளியே வந்து நின்றுகொண்டு, யாருக்கும் கேட்டுவிடக் கூடாதே என்று கோர்டி குசுகுசுவென்று கேட்டான்:

"எத்தன மணிக்கு வருவே? நான் ரோட்டுக்கே வந்து நிக்கறேன்."