மூன்று வெள்ளிக்கிழமை உப்பு

மந்தைவெளியில் நான் வேலை பார்த்த பள்ளிக்கூடத்தில் மொத்தமே ஆறு வகுப்பறைகள். மொட்டைமாடிக்குப் போனால் பறக்கும் ரயில் தெரியும். மதிய இடைவேளையில் அங்கேதான் உட்கார்ந்து நாவல் படிப்பேன். என்னுடைய ஒன்றாம் வகுப்பிலிருந்து பொன்மணியையும் கூட்டிக்கொண்டு போவேன், கீழே மற்ற பிள்ளைகள் அவளை ஊமை என்று கேலி செய்ததால்.

அவள் ஊமை இல்லை. அடையாற்றின் கரையில் இருந்த வீட்டில் வாய் ஓயாமல் பேசுவாள் என்று அவள் அம்மா தேவானை சொன்னாள். ஆனால் எல்.கே.ஜி., யு.கே.ஜி. இரண்டு வருடமும் பள்ளிக்கூடத்தில் அவள் குரலை யாரும் கேட்டதில்லை. ஜூலையில் ஒருநாள் ரயில் போனபோது, "ஆறு பொட்டி" என்றாள்.

நான் புத்தகத்திலிருந்து தலையைத் தூக்கவில்லை. "நேத்து ஒன்பது" என்றேன்.

"நேத்தும் ஆறுதான். உங்களுக்கு எண்ணத் தெரில."

அதன்பிறகு பேசினாள். என்னிடம் மட்டும், அதுவும் காதோடு.

அடுத்த மாதமே ஜெர்மனியிலிருந்து எனக்கு இடம் கிடைத்துவிட்டதாக மின்னஞ்சல் வந்தது. பாடப்புத்தகமும் மதிப்பெண்ணும் இல்லாத பள்ளிகளில் ஆசிரியராவதற்கான ஒன்றரை வருடப் படிப்பு. மேற்கு மாம்பலத்து வீட்டில் அப்பா அதை மூன்று முறை படித்தார். "மரத்தடியில பாடம் நடத்தறதுக்கு ஜெர்மனி வரைக்கும் போகணுமா? நம்ம தெருவுல இருக்கற புங்கமரம் என்ன பாவம் பண்ணிச்சு?"

படிப்புக்காக மட்டுமே போனேன் என்றால் பாதிப் பொய். பதினைந்து வயதிலிருந்து மொழிபெயர்ப்புக் கதைகளில் பனி பார்த்துவந்தவள் நான். ஊசியிலைக் காடு, ஆளில்லாத ரயில் நிலையம், ஜன்னலில் ஒரு விளக்கு. அந்தப் பக்கங்களுக்குள் ஒருமுறை நின்று பார்க்க வேண்டும் என்று இருந்தது.

தலைமையாசிரியை ஷீலா மிஸ் நல்லவர்தான். "பசங்ககிட்ட சொல்லிட்டுப் போகாதீங்க ப்ரியா. இருபத்தெட்டும் அழுதா யாரு சமாளிக்கறது? உங்களுக்கு ஜுரம்னு சொல்லிக்கறேன். ஒரு வாரத்துல மறந்துடும் எல்லாம்."

எனக்கும் அது சுலபமாக இருந்தது. சரி என்றேன். ஆகஸ்ட் மாதக் கடைசி வெள்ளிக்கிழமை, வழக்கம்போல எல்லோருக்கும் கையசைத்துவிட்டு வந்துவிட்டேன்.

ஜெர்மனியில் மூன்றாவது வாரம் ஒரு வகுப்பில் சொன்னார்கள்: இந்த முறையில் ஓர் ஆசிரியர் ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகளைக் கையில் எடுத்தால் எட்டாம் வகுப்புவரை அவரே கூட இருப்பார். ஒவ்வொரு நாளும் தூங்கப்போகுமுன் ஒவ்வொரு பிள்ளையின் முகத்தையும் நினைத்துப் பார்ப்பார். எங்களையும் ஒரு பிள்ளையை நினைக்கச் சொன்னார்கள். எனக்கு பொன்மணி வந்தாள். பள்ளி வாசலில் பையோடு நின்றுகொண்டிருந்தாள். எவ்வளவு முயன்றும் அவளை உள்ளே கூட்டிவர முடியவில்லை.

படிப்பு முடிந்து திரும்பி வந்ததும் அடையாறில் அந்த மாதிரிப் பள்ளி ஒன்றில் வேலை கிடைத்தது. சேருவதற்கு முன் அவளைப் பார்த்து, உண்மையைச் சொல்லி, மன்னிப்புக் கேட்டுவிட வேண்டும் என்று நினைத்தேன். ஆற்றோர வீடுகளை அதற்குள் இடித்து, குடியிருந்தவர்களை வேறிடத்துக்கு மாற்றியிருந்தார்கள். ஷீலா மிஸ்ஸிடம் விலாசம் வாங்கிக்கொண்டு, பெருங்குடியெல்லாம் தாண்டி, ஒரே மாதிரி நின்ற அடுக்குமாடிகளில் தேவானையின் வீட்டைக் கண்டுபிடித்தேன். ஐந்தாவது மாடி.

"இன்னா மிஸ், இப்டி எளச்சிட்டீங்க. அந்த ஊர்ல சோறு கீறு போடலியா?" என்று பாயை உதறிப் போட்டாள் தேவானை.

"உங்களுக்குத் தெரியுமா நான் போனது?"

"பெரிய மிஸ் அப்பாலிக்கா சொன்னாங்க. நான் புள்ளையாண்ட சொல்லல. இன்னான்னு சொல்றது?" அடுப்பில் டீ வைத்தாள். "ஜொரம்னு கேட்டதிலேர்ந்து என்னப் புடுங்கி எடுத்துட்சி. மூணு வெள்ளிக்கெயம முண்டகக்கண்ணி கோயிலுக்கு இட்டுக்கினு போனேன். உங்க ஜொரம் எறங்கணும்னு உப்பும் மொளகும் அவ கையாலதான் போட்டா. எம்மாந் தலவலி வந்தாலும் எனக்குப் போட்டதில்ல, அது வேற."

"அப்புறம்?"

"நாலாவது வாரம் வரலன்னுட்டா. மிஸ் செத்துட்டாங்கன்னு அதுவா முடிவு பண்ணிக்கிச்சி. இஸ்கூல்ல மறுபடி வாய மூடிக்கிச்சி."

"இப்ப? இங்க பேசறாளா?"

"சண்டன்னா பேசும்."

படியில் ஓடிவந்த காலடி வாசலில் நின்றது. பொன்மணி வளர்ந்திருந்தாள், முன்பல் இரண்டும் புதிதாக முளைத்திருந்தன. என் முகத்தை ஒரு நொடி பார்த்தாள். பிறகு குனிந்து என் கால்களைப் பார்த்தாள். எதற்கு என்று புரிய எனக்குக் கொஞ்சம் நேரமானது.

"கால் கீதுடி. பேய் இல்ல, உள்ள வா" என்றாள் தேவானை.

பொன்மணி சுவரை ஒட்டியே வந்து எனக்கு எதிரே உட்கார்ந்தாள். "ஜொரம் போய்ட்ச்சா?"

தேவானை என்னைப் பார்த்தாள். ஆமாம் என்று சொல்லிவிடுங்கள் என்று கெஞ்சும் பார்வை. வரும் வழியெல்லாம் பஸ்ஸில் நான் சொல்லிப்பார்த்த வாக்கியங்கள் எதுவும் வரவில்லை.

"போயிடுச்சு. நீ உப்பு போட்டியே, அதுலதான்."

அவள் முகம் அப்படி மலரும் என்று நான் நினைக்கவில்லை. அம்மாவைத் திரும்பிப் பார்த்து, "சொன்னேன்ல" என்றாள். பிறகு விரலை மடக்கி எதையோ எண்ணினாள்.

"மூணாவது வாரமேவா?"

"ஆமா."

"அப்ப ஏன் திங்கக்கெயம இஸ்கூலுக்கு வரல?"

அந்தத் திங்கட்கிழமை நான் எங்கே இருந்தேன் என்று எனக்கு நன்றாகத் தெரியும். எங்களைக் காட்டுக்குள் கூட்டிப்போயிருந்தார்கள். ஈரமான இலைகள்மேல் படுத்து, உச்சியில் அசையும் மரங்களைப் படமெடுத்து வீட்டுக்கு அனுப்பினேன். அவ்வளவு சந்தோஷமாக நான் இருந்ததே இல்லை என்று அதன் கீழே எழுதியிருந்தேன்.

"எனக்கு ஜுரமே வரலை, பொன்மணி. பொய் சொல்லிட்டோம். நான் வெளிநாட்டுக்குப் படிக்கப் போயிட்டேன்."

"இன்னா படிக்க?"

"டீச்சருக்கு."

"நீங்கதான் டீச்சராச்சே" என்றாள்.

அவள் குரலில் கோபம் இல்லை. நிஜமாகவே புரியாமல் கேட்டாள். இது வேறு மாதிரி டீச்சர் என்று ஆரம்பித்தேன். புத்தகம் இல்லாமல், பரீட்சை இல்லாமல், என்று ஏதோ சொன்னேன். பிள்ளைகளை விட்டுப் போகாமல் என்று சொல்லவேண்டிய இடத்தில் நிறுத்திக்கொண்டேன். கீழேயிருந்து யாரோ அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்கள். எழுந்து, அம்மாவிடம், "நான் வெளையாடப் போறேன்" என்றாள். என்னைப் பார்க்கவில்லை.

"டீ ஆறுது, குடிங்க மிஸ். வந்துடுவா" என்றாள் தேவானை.

குடித்தேன். இன்னொரு டீயும் போட்டுக் கொடுத்தாள். கீழே பிள்ளைகளின் சத்தத்தில் பொன்மணியின் குரலைப் பிரித்தெடுக்க முடிகிறதா என்று கேட்டுக்கொண்டிருந்தேன். தெருவிளக்குகள் எரிந்தபிறகும் அவள் மேலே வரவில்லை.